பிரேக்கும் பிடிக்கலையாம்

கார் வாங்குகிறவர்களை எனக்கு ஆகாது. பணம் கட்டும் வரைக்கும் சாதுவாக இருப்பார்கள். சாவி கைக்கு வந்த மறுநாளே, காரைக் கண்டுபிடித்ததே தாங்கள்தான் என்பது போலப் பேசத் தொடங்குவார்கள். ஹாரன் சத்தத்தில் கம்பீரம் இல்லையாம். கண்ணாடி ஏற்றுகிற பொத்தான் இன்னும் இரண்டு விரல் தள்ளி இருந்திருக்க வேண்டுமாம். ஒரு மகானுபாவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார், டிக்கியில் தன் மாமியாரின் பெட்டி நுழையவில்லை என்று. மாமியாரையே நுழைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று பதில் எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. எழுத முடியாது. மரியாதையாக எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், குறைதீர்க்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக நான் கடிதம் எழுதுகிறேன். பெயர்தான் குறைதீர்க்கும் பிரிவு. அங்கே யாருடைய குறையும் தீர்ந்து நான் பார்த்ததில்லை. குறை சொன்னவர்கள் அலுத்துப்போய் வாயை மூடிக்கொள்வார்கள், அதைத் தீர்ந்த கணக்கில் எழுதிக்கொள்வோம். நாங்கள் விற்பது நாலு கதவும் ஒரு டிக்கியும் வைத்த சாதாரணக் குடும்பக் கார். விளம்பரத்தில் அப்பா ஓட்டுவார், அம்மா பக்கத்தில் இருப்பாள், பின்னால் இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் பல் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

எங்கள் மேனேஜருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தது நான்தான். மேலே இருப்பவர்கள் என்ன சொன்னாலும் ஆட்டுவார், அவர்கள் இரும வாயைத் திறந்தாலும் ஆட்டுவார். கீழே இருந்து வரும் காகிதத்தைப் படிக்க மாட்டார். நான் விரலால் எந்த இடத்தைக் காட்டுகிறேனோ அந்த இடத்தில் கையெழுத்து விழும். ஒருமுறை அவருடைய சொந்த விடுமுறை விண்ணப்பத்தை நிராகரித்து அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு யோசனை சொன்னார். அதற்கு முன்னால் சர்வீஸ் சென்டர்களிலிருந்து புகார்கள் பத்தி பத்தியாக வரும். 'இனிமே ரெண்டே கட்டம்' என்றார் தலையாட்டி. முதல் கட்டத்தில் காரின் பாகம், இரண்டாவதில் குறை. குறையை ஒரே வார்த்தையில் எழுத வேண்டும். சத்தம், கசிவு, சூடு, துரு என்று வந்தால் அது பழுது, நாலாம் மாடியில் இன்ஜினியர்களுக்குப் போகும். 'பிடிக்கலை' என்று வந்தால் அது ரசனை, மூன்றாம் மாடியில் எனக்கு வரும். "பழுதுன்னா ஸ்பேனர், பிடிக்கலைன்னா லெட்டர்," என்று மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அதிலிருந்து தினமும் காலையில் என் மேசைக்கு ஒரு பட்டியல் வரும். சீட் துணி – பிடிக்கலை. நிறம் – பிடிக்கலை. ஹாரன் – பிடிக்கலை. பிரேக் – பிடிக்கலை. கண்ணாடி – பிடிக்கலை.

முதல் தடவை அதைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டேன்.

"இங்க வாடீ, இந்தக் கூத்தைப் பாரு. சீட்டு பிடிக்கலை, கலர் பிடிக்கலை, இப்போ பிரேக்கும் பிடிக்கலையாம்! நாளைக்கு டயர் உருண்டையா இருக்கறதும் பிடிக்கலைன்னு சொல்லுவாங்க."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீன் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும், பஸ் தாமதமாக வந்தாலும், "பிரேக்கும் பிடிக்கலைப்பா" என்பார்கள். உடனே ஒரு சிரிப்பு எழும்பும்.

தெருவில் விளையாடுகிற பிள்ளையிடம் போய் 'பிரேக் பிடிக்கலை' என்று சொல்லிப் பாருங்கள், அது ஓரமாக ஒதுங்கிவிடும். அந்த அறிவு எனக்கு இல்லை. காதில் விழுந்திருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். சீட் துணிக்கும் ஹாரனுக்கும் நடுவில் அந்தச் சொல் அச்சாகி வந்தபோது, அதுவும் அவற்றோடு சேர்ந்த முணுமுணுப்பு என்றே என் கண் எடுத்துக்கொண்டது. இது சாக்கு அல்ல. பிழைப்பே வார்த்தை என்று இருக்கிறவளுக்கு இப்படி ஒரு சாக்கைச் சொல்லவே நாக்குக் கூச வேண்டும்.

பதிலுக்கு ஒரே அச்சுதான் வைத்திருந்தேன். பாகத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன். பட்டியலில் வண்டி நம்பர்தான் இருக்கும், பெயரையும் விலாசத்தையும் தபால் பிரிவில் ஒட்டிக்கொள்வார்கள். 'எங்கள் காரின் இன்னது உங்கள் ரசனைக்கு ஏற்றதாக இல்லை என்பதை அறிந்து வருந்துகிறோம். ரசனை ஆளுக்கு ஆள் மாறுபடும். புதிதாக வரும் எதுவும் முதலில் அந்நியமாகத்தான் தோன்றும். நாளடைவில் பழகி, உங்கள் குடும்பத்தில் ஒன்றாகவே ஆகிவிடும்.' கடிதத்தோடு இதய வடிவத்தில் ஒரு கீ செயினும் போகும். 'குடும்பத்தில் ஒன்றாகவே' என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதை எழுதிய அன்று இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

என் தங்கை டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். பதினெட்டு வருடமாக அடுத்தவர்கள் ஓட்டுகிற காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே ஊர் சுற்றுகிறவள். ஊரில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். அவள் வீட்டுக்காரர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, குளியலறை டைல்ஸ் விற்கிற கடையில் வேலை பார்க்கிறார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, டைல்ஸ் ஒன்றைத் தவிர. அவர்கள் கார் வாங்க நினைத்தபோது, எங்கள் காரையே வாங்கச் சொன்னதும் நான்தான்.

வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க வண்டில பிரேக்கு ஒரு மாதிரியா இருக்கு. வண்டி நல்லா சூடானப்புறம் இறக்கத்துல வந்தா, மிதி கல்லு மாதிரி நிக்குது. எவ்வளவு அமுக்கினாலும் வண்டி நிக்க மாட்டேங்குது. பத்து நிமிஷம் ஓரமா நிறுத்திட்டு எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு."

"சர்வீஸ் சென்டர்ல எழுதிக் குடு," என்றேன். பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கும் ஒரு முறை இருக்குடீ. அங்க சொன்னா இங்க வரும், இங்க வந்தா பார்ப்பாங்க."

"நீ யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

"வர்றவங்க எல்லாரும் என் தங்கச்சி, என் மச்சான்னு வந்து நின்னா நான் என்ன பண்றது? எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைத்தெருவில் இருக்கிற ஆறு மாடி கார் நிறுத்தத்தின் உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கி வந்தாள். கடைசி வளைவில் வண்டி நிற்கவில்லை. கீழே காவலாளி உட்கார்ந்திருந்த கூண்டில் போய் மோதியது. அந்த மனுஷனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இவளுக்கு நெற்றியில் மூன்று தையல். மறுநாள் காலையில் எங்கள் கம்பெனி இன்ஜினியர் போய்க் காரைச் சோதித்துவிட்டு எழுதினார்: 'பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஓட்டியவர் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கலாம்.'

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கே எது பிரேக் என்று தெரியவில்லை! காய்கறிக் கடையில் சிரித்தார்கள். அவளிடம் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் வேறு வாத்தியார் கேட்டார்கள். ஸ்கூல் முதலாளி அவளைக் காரிலிருந்து இறக்கி, விண்ணப்பம் நிரப்புகிற மேசையில் உட்கார வைத்தார். லைசென்ஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மூன்று வாரத்தில் விசாரணை. தவறு அவளுடையது என்று முடிவானால் லைசென்ஸ் ரத்து, கற்றுக்கொடுக்கிற அனுமதியும் ஆயுசுக்கும் கிடையாது. வேறு வேலை எதுவும் அவளுக்குத் தெரியாது, வேண்டவும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு நாக்கில் நரம்பே கிடையாது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்று பிள்ளைகள் எதிரிலேயே சொன்னார். சாப்பாட்டுத் தட்டை எடுத்து அந்தத் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்கு வந்தது. கவிழ்க்கவில்லை. அவர் கை கழுவப் போனதும் தங்கையின் பக்கம் திரும்பி, அதே விஷயத்தைச் சர்க்கரை தடவிச் சொன்னேன்.

"பதட்டத்துல கால் மாறியிருக்கும்டீ. யாருக்கும் நடக்கறதுதான். ஒத்துக்கோ, அபராதத்தோட விட்டுடுவாங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பதினெட்டு வருஷமா அடுத்தவங்க காலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கறவ. என் கால் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? பிரேக்கு மேலதான்க்கா இருந்துச்சு. கல்லு மாதிரி நின்னுச்சு."

"எங்க கார்ல பிரேக் பழுதுன்னு இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லை. வந்தா எனக்குத் தெரியாம இருக்காது."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிடிவாதக்காரி, தப்பை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விசாரணைக்குக் காகிதங்களை எடுத்து வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை போன் பண்ணினார். ஃபைல் போடுவது அவருடைய பெருமை. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். இன்சூரன்ஸ், சர்வீஸ் ரசீது, வாங்கிய அன்று எடுத்த போட்டோ. "இதோ, கம்பெனி லெட்டர் ஒண்ணுகூட இருக்கு. என் பேருக்குத்தான் வந்துச்சு. நல்ல மரியாதையா எழுதியிருந்தான், ஒரு கீ செயினும் குடுத்தான்," என்றார்.

தங்கை அதைப் பிடுங்கினாள். எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள்.

"'எங்கள் காரின் பிரேக் உங்கள் ரசனைக்கு ஏற்றதாக இல்லை என்பதை அறிந்து வருந்துகிறோம்...'"

நிறுத்தினாள். சின்னவன் களுக்கென்று சிரித்தான். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளும் சிரித்தாள். கேட்கவே பயமாக இருந்தது அந்தச் சிரிப்பு.

"எந்த முண்டம்க்கா இதை எழுதுச்சு? பிரேக் பிடிக்கலைன்னு நான் எழுதிக் குடுத்தா, பிரேக்கை எனக்குப் பிடிக்கலையாம்! நான் என்ன துணிக் கடையிலயா நிக்கறேன், பிடிச்சிருக்கு பிடிக்கலைன்னு சொல்ல? 'நாளடைவில் பழகி'... அய்யய்யோ, இதைக் கேளு, 'உங்கள் குடும்பத்தில் ஒன்றாகவே ஆகிவிடும்'! சாவடிக்கறதுக்கு லெட்டர் வேறயா?"

சீட் துணி, ஹாரன், பிரேக், கண்ணாடி என்று பட்டியல் கண்முன் ஓடியது. அந்த நிமிஷமே வாயைத் திறந்து நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தில் கையெழுத்து தலையாட்டியுடையது. யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

"யாராவது புதுசா சேர்ந்த பொண்ணா இருக்கும்," என்றேன்.

மாப்பிள்ளை மூக்கை நுழைத்தார். "நீ ஏதோ சீட்டு கீட்டுன்னு எழுதிக் குடுத்திருப்பேன்னு நெனச்சு நான் ஃபைல்ல போட்டுட்டேன்."

"படிக்காமலேயா?"

"மேல நல்ல தாளா இருந்துச்சு," என்றார்.

இந்த ஆளையா இத்தனை நாள் முட்டாள் என்று நினைத்தேன்? என்னோடு ஒப்பிட்டால் அவர் மேதை. அவர் படிக்கவில்லை, அவ்வளவுதான். நான் படித்துவிட்டு, சிரித்துவிட்டு, பதிலும் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக ஆபீஸுக்குப் போனேன். பதினாலு மாதப் பட்டியலையும் எடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அறுபத்தொரு கோடு. பிரேக் – பிடிக்கலை, பிரேக் – பிடிக்கலை, பிரேக் – பிடிக்கலை. என் தங்கையுடையது நாற்பத்தேழாவது.

வண்டி நம்பரை வைத்துச் சொந்தக்காரர்களின் போன் நம்பரைத் தேடி எடுத்தேன். முதலில் ஒரு மருந்துக் கடைக்காரர்.

"ஓ, அந்த லெட்டர் கம்பெனியா? வாங்க வாங்க," என்றார். "பிரேக்கு இன்னும் எனக்குப் பழகலைம்மா. பழகறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவேனோன்னு வண்டியை வித்துட்டேன்."

"என்ன ஆச்சுன்னு ஒரு தடவை சொல்ல முடியுமா சார்?"

"மலைப் பாதையில இறங்கும்போது மிதிச்சேன், கல்லை மிதிச்ச மாதிரி இருந்துச்சு."

அடுத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரும் கல்லு என்றார். மூன்றாவதாக ஒரு பெண் எடுத்தாள். காரை ஓட்டியது அவளுடைய அப்பா.

"அப்பா எங்க வீட்டுச் சுவத்துலயே கொண்டுபோய் இடிச்சாருங்க. மிதி கல்லு மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வயசாயிடுச்சு, கால் மாறியிருக்கும்னு சொல்லி நாங்க சாவியை வாங்கி வச்சுட்டோம். அதுலேருந்து அவரு வெளியவே போறதில்லை. ஏன் கேக்கறீங்க?"

நான் ஏதோ சொல்லிப் போனை வைத்தேன். முன்பின் தெரியாத மூன்று பேர், மூன்று ஊர், ஒரே கல். அதற்கு மேல் யாரையும் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு தலையாட்டியின் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தலையை ஆட்டாமல் கேட்டார்.

"நாலாம் மாடிக்கு இது தெரியுமா?"

"தெரியாது சார். பிடிக்கலைன்னு வந்தா எனக்குத்தானே வரும். உங்க கட்டம்தான்."

"அப்போ தெரியாமலே இருக்கட்டும்," என்றார். "ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா, நமக்கு எது வசதியோ அதுதான் அர்த்தம். பிடிக்கலைன்னா பிடிக்கலைதான். டிக்ஷனரியைப் பாருங்க."

"சார், ஒருத்தருக்குக் கால் முறிஞ்சு கிடக்கு."

"ஆமாம், அதான், அந்தக் கேஸ்தான்." மேசை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "லைசென்ஸ் ஆபீஸ்லேருந்து கேட்டிருக்காங்க, இந்த மாடல்ல பிரேக் பத்தி இதுக்கு முன்னாடி புகார் வந்திருக்கான்னு. வரவே இல்லைன்னு அழகா ஒரு லெட்டர் போட்டுடுங்க. டிரைவிங் ஸ்கூல் பொம்பளையாம், பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வித்தியாசம் தெரியலையாம்." ஹெஹ்ஹே என்று சிரித்தார். "உங்களை மாதிரி தமிழ் யாருக்கு வரும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், அதுவும் என் கையாலேயே, என் தங்கையின் தட்டிலேயே. அவள் என் தங்கை என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரையாவது எழுதச் சொல்லிவிடுவார். "சரி சார், எழுதறேன்," என்று வந்துவிட்டேன்.

எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் எழுதிய கடிதங்களிலேயே சின்னது அதுதான். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, உங்களுக்கு வேலை போயிடுமே," என்றாள். "போகட்டும்டீ," என்றேன். வீராப்பெல்லாம் இல்லை. சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. பட்டியலின் நகலைப் பின்னால் கோத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்த தலையாட்டியின் முன்னால் வைத்து, விரலால் இடத்தைக் காட்டினேன். கையெழுத்து விழுந்தது. "அழகா வந்திருக்கு," என்றும் சொன்னார்.

விசாரணை வியாழக்கிழமை. லைசென்ஸ் ஆபீஸின் இரண்டாம் மாடியில் ஒரு நீள மேசை. அதன் தலைப்பக்கம் அதிகாரி, மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். ஒரு பக்கம் எங்கள் கம்பெனி இன்ஜினியர், இஸ்திரி கலையாத சட்டையில். எதிரே தங்கையும் மாப்பிள்ளையும். நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அக்கா என்ற முறையில் தங்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் ராத்திரியே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தரம் போனை எடுத்து இரண்டு தரமும் வைத்துவிட்டேன். கோழை என்றால் நான்தான் கோழை.

இன்ஜினியர் தன் அறிக்கையைப் படித்தார். "பிரேக் நூத்துக்கு நூறு வேலை செய்யுது மேடம். இது முழுக்க முழுக்க ஓட்டினவங்களோட தப்பு."

அதிகாரி அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு உறையைப் பிரித்தார். "உங்க கம்பெனியோட பதில் வந்திருக்கு. உங்க மேனேஜர் கையெழுத்து. படிக்கறேன், கேளுங்க."

படித்தார். "'இந்த மாடல் காரில் பிரேக் பிடிக்கவில்லை என்று பதினாலு மாதத்தில் அறுபத்தொரு பேர் எங்களுக்கு எழுதினார்கள். பிரேக் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். நாளடைவில் பழகிவிடும் என்று அறுபத்தொரு பேருக்கும் பதில் அனுப்பினோம். அவர்களில் நாற்பத்தேழாவது ஆள்தான் இப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர். பதில் எழுதியது அவருடைய அக்கா. பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.'"

மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். இன்ஜினியர் திருதிருவென்று விழித்தார். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய பின்கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை.

"இந்த அக்கா யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

எழுந்து நின்றேன். "நான்தான்."

கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவங்கதானே?"

"ஆமாங்க."

"தமிழ்தானே பேசுவீங்க வீட்டுல?"

"ஆமாங்க."

"உக்காருங்க," என்றார். என்னிடம் பேச அதற்கு மேல் எதுவும் இல்லை என்பது போல இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "நீங்க வண்டியைச் சோதிச்சது எத்தனை மணிக்கு?"

"மறுநாள் காலையில எட்டு மணிக்கு மேடம்."

"ராத்திரி முழுக்க ஆறிப்போன வண்டியை. சூடாக்கிப் பார்த்தீங்களா?"

"அது... அந்த மாதிரி வழக்கம் இல்லை மேடம்."

"இன்னிக்கு வழக்கமாக்கிக்கலாம்," என்றார் அதிகாரி.

கீழே முற்றத்தில் வண்டி நின்றது. ஆபீஸ் மெக்கானிக் ஒருவர் அதை முக்கால் மணி நேரம் ஊர் சுற்றி எடுத்து வந்து, ஆபீஸுக்குப் பின்னால் இருந்த சரிவில் இறக்கினார். முதல் தடவை நின்றது, இரண்டாவதும் நின்றது. மூன்றாவது தடவை நிற்காமல் வந்து, கீழே அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் முட்டியது. இறங்கிய மெக்கானிக்கின் முகம் வெளுத்திருந்தது. "கல்லு மாதிரி நிக்குது மேடம்," என்றார். பானெட்டைத் திறந்து, பிரேக்குக்குப் போகிற ஒரு ரப்பர் குழாயைக் காட்டினார். சூட்டில் இளகி, உறிஞ்சி முடித்த ஸ்ட்ரா போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஆறினால் பழையபடி உப்பிக்கொள்ளுமாம்.

அங்கேயே நின்றபடி அதிகாரி தீர்ப்பை எழுதினார். தங்கை மேல் தவறு இல்லை. லைசென்ஸையும் கற்றுக்கொடுக்கிற அனுமதி அட்டையையும் அவள் கையில் கொடுத்தார். அறுபத்தொரு வண்டியையும் ரோட்டிலிருந்து எடுக்கச் சொல்லி அன்றைக்கே உத்தரவு போகும் என்று இன்ஜினியரிடம் சொன்னார். இன்ஜினியர் தலையாட்டிக்குப் போன் பண்ண ஓடினார். அடுத்த ஐந்து நிமிடத்தில் என் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, பிரேக்லதான் ஏதோ கோளாறுன்னு!"

அடப்பாவி மனுஷா! சிரிப்பதா அறைவதா என்று தெரியாமல் நான் தங்கையைப் பார்த்தேன். இந்த ஆளைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்ணைச் சிமிட்டிக்கொள்வது இருபது வருடத்துப் பழக்கம். அவள் சிமிட்டவில்லை. அட்டையைப் பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மன்னிச்சுடுடீ," என்றேன். "லெட்டரை எழுதினது நான்தான்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். லிஸ்ட்டுல இருந்த மூணு பேருக்குப் போன் பண்ணினேன், மூணு பேரும் கல்லுன்னு சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுது."

"லெட்டர் கிடக்குதுக்கா. தெரியாம எழுதிட்ட, தெரிஞ்சதும் வேலை போனாலும் பரவாயில்லைன்னு ஒத்துக்கிட்ட. அதை நான் மறக்க மாட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை. "கல்லு மாதிரி இருந்துச்சுன்னு நான் உன் சமையல்கட்டுல வந்து நின்னு சொன்னேன். நெத்தியில தையலோட உக்காந்து திரும்பவும் சொன்னேன். நீ நம்பலை. அதையே முன்னப்பின்ன தெரியாத மூணு பேரு போன்ல சொன்னதும் நம்பிட்ட."

"அப்படி இல்லடீ..."

"வேற எப்படி?"

பைக்குள் மறுபடி அடித்த போனை அணைத்தேன்.

"அந்தக் காவலாளி இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு," என்றாள். "நாலு தடவை போய்ச் சொன்னேன், நான் மிதிச்சேங்க, பிரேக்குதான் பிடிக்கலைன்னு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. நான் சொன்னா எங்கயும் எடுபடாது. நீ போய்ச் சொல்லு. லிஸ்ட்டை மறக்காம எடுத்துக்கிட்டுப் போ. மூணாவது வார்டு, ஜன்னல் ஓரத்துக் கட்டில்."

அவள் படி இறங்கிப் போனாள். மாப்பிள்ளை ஃபைலை அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். இந்த ஊரில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றாலும் அவளைக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று வாசலில் நின்ற யாரோ ஒருவரைக் கேட்டேன்.